பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது: விண்கலங்களுக்கும் அதே கதைதான்!

‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.’ கல்யாணப் பேச்சோ, கடை திறப்போ, நாள் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி இது. புதன்கிழமை அவ்வளவு நல்ல நாள் என்பதுதான் பலரும் எடுத்துக்கொள்ளும் அர்த்தம். ஆனால், வானம் பார்ப்பவர்கள் சொல்லும் இன்னொரு விளக்கமும் உண்டு. பழந்தமிழில் ‘பொன்’ என்பது வியாழன் கோளையும் குறிக்கும். வியாழன் இரவு வானில் பளிச்சென்று தெரியும்; மணிக்கணக்கில் பார்க்கலாம். புதனோ சூரியனை ஒட்டியே சுற்றுவதால், விடிவதற்குச் சற்று முன்போ, பொழுது சாய்ந்த கையோடோ அடிவானத்தில் தலையைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். வியாழன் கண்ணில் பட்டாலும் புதன் படாது என்பதே பழமொழியின் பொருள் என்கிறது இந்த விளக்கம்.

எது சரி என்பதைத் தமிழறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். விண்வெளி ஆய்வைப் பொறுத்தவரை இரண்டாவது விளக்கம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. பூமிக்கு மிக அருகில் வரும்போதுகூட வியாழன் சுமார் 60 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்த வியாழனை இதுவரை 9 விண்கலங்கள் எட்டிப் பார்த்துவிட்டன. புதனோ 8 கோடி கி.மீ.க்கும் குறைவான தொலைவுக்கு வந்துபோகிறது. ஆனால், அங்கே சென்றவை மொத்தமே மூன்று: மரைனர்-10, மெசஞ்சர், பெபிகொழும்போ. மூன்றாவது கலம் இன்னும் சுற்றுப்பாதைக்குள் நுழையவில்லை. 2026 நவம்பரில் நுழைவதாகத் திட்டம்.

பக்கத்தில் இருக்கும் கோளுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? அங்கே போய் என்ன ஆகப்போகிறது? பெபிகொழும்போவுக்குப் பிறகு யார் போவார்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் இன்று யாரிடமும் உறுதியான பதில் இல்லை. அதுதான் கவலைக்குரிய விஷயம்.

கீழே இறங்குவதுதான் கஷ்டம்

சூரியனை நோக்கிப் போவது சுலபம், ஈர்ப்பு விசையே இழுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் முதலில் தோன்றும். பிரச்சினையே அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

பூமி சூரியனை விநாடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. பூமியிலிருந்து கிளம்பும் எந்தக் கலத்துக்கும் இந்த வேகம் பிறவிச் சொத்துபோல ஒட்டிக்கொண்டு வரும். சூரியன் பக்கம் இறங்க வேண்டுமென்றால், முதலில் இந்த வேகத்தில் ஒரு பகுதியைக் கழற்றிப் போட வேண்டும். அப்படிக் கழற்றி உள்ளே விழ ஆரம்பித்ததும், சூரிய ஈர்ப்பு கலத்தின் வேகத்தைக் கிடுகிடுவென ஏற்றும். புதன் விநாடிக்குச் சராசரியாக 47 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கலம் அதைவிடவும் வேகமாக அங்கே போய்ச் சேரும். அப்படியே விட்டால் ‘சர்ர்’ரென்று கடந்து போய்விடும். புதனைச் சுற்ற வேண்டுமென்றால் மறுபடியும் பிரேக் பிடிக்க வேண்டும்.

செவ்வாயில் இந்தப் பிரேக்குக்குக் கொஞ்சம் காற்று உதவும். அதன் மெல்லிய வளிமண்டலத்தில் உரசி உரசியே விண்கலங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. புதனில் வளிமண்டலம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் எரிபொருளை எரித்தே சாதிக்க வேண்டும். எரிபொருள் கூடினால் எடை கூடும். எடை கூடினால் இன்னும் பெரிய ராக்கெட் வேண்டும். சூரியக் குடும்பத்தின் கடைசி எல்லையில் இருக்கும் புளூட்டோவுக்கு ஒரு கலத்தை அனுப்புவதைவிட, புதனின் சுற்றுப்பாதையில் ஒன்றை நிறுத்துவதற்கு அதிக ஆற்றல் தேவை என்று சொல்லப்படுவது இதனால்தான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அனுபவமுள்ள ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க மாட்டார். பிரேக் சூடாகிக் கைவிட்டுவிடும். கியரைக் குறைத்து, ஒவ்வொரு வளைவாக வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்குவார். விண்கலத்துக்கு அந்தக் கியர், கோள்களின் ஈர்ப்பு விசை. பூமி, வெள்ளி, ஏன் புதனையேகூட, சரியான கோணத்தில் நெருங்கிக் கடந்தால் கலத்தின் வேகம் கொஞ்சம் குறையும், பாதை கொஞ்சம் வளையும். எரிபொருள் செலவு மிச்சம். ஆனால், நேரம் பிடிக்கும். பெபிகொழும்போ இப்படி ஒன்பது வளைவுகளில் இறங்கியிருக்கிறது: பூமி ஒரு முறை, வெள்ளி இரண்டு முறை, புதன் ஆறு முறை.

வேகத்தைச் சமாளித்தாலும் வெப்பம் காத்திருக்கிறது. புதன் சூரியனுக்கு மிக நெருக்கமாக வரும்போது, அங்கே விழும் வெயில் பூமியின் மீது விழுவதைப்போல 10 மடங்குக்கும் மேல். பகலில் தரை 430 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். இரவில் மைனஸ் 180 வரை இறங்கும். சூரியனுக்குக் குடை பிடித்தால் மட்டும் போதாது. கொதிக்கும் தரையும் கீழேயிருந்து வெப்பத்தை வீசும். மேலே வெயில், கீழே தோசைக்கல்!

ரிப்பேர் பண்ண ஆள் போக முடியாத இடம்

இந்தச் சிக்கலுக்குள் முதலில் இறங்கியது அமெரிக்காவின் மரைனர்-10. 1973 நவம்பர் 3-ம் தேதி கிளம்பிய அந்தக் கலத்தின் எடை சுமார் 500 கிலோ. ஒரு கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தி இன்னொரு கோளுக்குச் சென்ற முதல் விண்கலம் அதுதான். 1974 பிப்ரவரியில் வெள்ளியைக் கடந்து, மார்ச் 29-ல் புதனை முதன்முதலாக நெருங்கியது.

போகும் வழியெல்லாம் பிரச்சினை. கேமராவைச் சூடாக வைத்திருக்க வேண்டிய ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஆன்டெனாவில் கோளாறு. கலத்திலிருந்து உதிர்ந்த துணுக்குகள் வெயிலில் மின்ன, திசை காட்டும் நட்சத்திரம் எது, துணுக்கு எது என்று தெரியாமல் உணர்கருவி குழம்பியது. திசையைச் சரிசெய்யும் வாயு வீணாகிக் குறைந்துபோனது. எட்டு கோடி கி.மீ.க்கு அப்பால் மெக்கானிக்கை அனுப்பவா முடியும்? பொறியாளர்கள் பூமியில் உட்கார்ந்தபடியே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சூரிய ஒளிக்கும் மெல்லிய அழுத்தம் உண்டு. சூரியத் தகடுகளையும் ஆன்டெனாவையும் பாய்மரம்போலத் திருப்பி, அந்த ஒளி அழுத்தத்தைக் கொண்டே கலத்தைச் சமநிலையில் வைத்து வாயுவை மிச்சப்படுத்தினார்கள்.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு திருப்பத்தைக் கொடுத்தவர் இத்தாலியின் படுவா நகரைச் சேர்ந்த கணித மேதை ஜூசெப்பே கொழும்போ. நண்பர்களுக்கு ‘பெபி’. மரைனர்-10 புதனை ஒரே முறை கடந்து போவதாகத்தான் முதலில் திட்டம். 1970-ல் நடந்த ஒரு கூட்டத்தில் கொழும்போ ஒரு கணக்கைச் சொன்னார்: முதல் சந்திப்புக்குப் பிறகு இந்தக் கலம் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் நாட்கள், புதனின் ஓராண்டைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது, புதன் இரண்டு சுற்று முடித்து வரும்போது கலமும் அதே இடத்துக்கு வந்துவிடும். ஒரு டிக்கெட்டில் மூன்று ஷோ! 1974 செப்டம்பரிலும் 1975 மார்ச்சிலும் மரைனர்-10 மறுபடி புதனைச் சந்தித்தது அந்தக் கணக்கால்தான்.

ஆனால், இயற்கை அதிலும் ஒரு குறும்பு செய்தது. புதனின் ஓராண்டு 88 நாள். அது தன்னைத் தானே ஒரு முறை சுற்ற சுமார் 59 நாள். இரண்டு ஆண்டுக்கு மூன்று சுழற்சி. இந்தக் கணக்குப்படி, புதனில் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே 176 பூமி நாட்கள் ஓடிவிடும். கலம் திரும்பி வந்ததும் அதே 176 நாட்களுக்கு ஒரு முறை. விளைவு? ஒவ்வொரு முறையும் வெயில் விழுந்தது புதனின் அதே பாதியில். அதனால் 45 சதவீதப் பரப்பை மட்டுமே மரைனரால் படமெடுக்க முடிந்தது. 1975 மார்ச் 24-ல் வாயு தீர்ந்து தொடர்பு முடிந்தது.

மீதிப் பாதி எப்படி இருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் 33 ஆண்டுகள் காத்திருந்தார்கள். வேறெந்தக் காரணமும் இல்லை, யாரும் போகவில்லை. கொழும்போ 1984-ல் காலமானார். அந்தப் பாதியை அவர் பார்க்கவே இல்லை.

பீங்கான் துணிக் குடை

அடுத்த கதவைத் திறந்தது மறுபடியும் ஒரு கணக்கு. நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் பணியாற்றிய சென்-வான் யென், வெள்ளியையும் புதனையும் பல முறை கடந்து வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தால், வழக்கமான ராக்கெட்டிலேயே புதனின் சுற்றுப்பாதையை எட்டலாம் என்று 1985-ல் காட்டினார். அந்தப் பாதையை அடித்தளமாகக் கொண்டு 2004 ஆகஸ்ட் 3-ல் கிளம்பியது மெசஞ்சர். கிளம்பும்போது அதன் எடையில் பாதிக்கும் மேல் எரிபொருள். ஆறரை ஆண்டுப் பயணம். 2011 மார்ச் 18-ல் புதனைச் சுற்றிய முதல் விண்கலம் ஆனது.

வெப்பத்துக்கு அது கண்ட தீர்வு எளிமையானது. பீங்கான் இழையால் நெய்த துணியில் ஒரு குடை. குடையின் முன்பக்கம் 300 டிகிரிக்கும் மேல் தகிக்க, பின்னால் இருந்த கருவிகள் கிட்டத்தட்ட ஒரு அறையின் வெப்பநிலையில் வேலை பார்த்தன. குடை எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்க வேண்டும். பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே 4 முதல் 12 நிமிடம் ஆகும் என்பதால், ஏதாவது தவறினால் கலம் தானாகவே முடிவெடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்திருந்தார்கள். தரையின் அனலிலிருந்து தப்ப, புதனை நெருங்குவதும் விலகிப் போய் ஆறுவதுமாக நீள்வட்டப் பாதையில் சுற்றியது.

ஓராண்டுக்குத் திட்டமிட்ட ஆய்வு நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. எரிபொருள் தீர்ந்தபோதும் பொறியாளர்கள் விடவில்லை. எரிபொருளைத் தள்ளுவதற்காக மட்டுமே வைத்திருந்த ஹீலியம் வாயுவையே வெளியேற்றி, கலத்தை இன்னும் சில வாரம் மேலே தூக்கிப் பிடித்தார்கள். கடைசியில் 2015 ஏப்ரல் 30-ல், விநாடிக்குக் கிட்டத்தட்ட 4 கி.மீ. வேகத்தில் புதனின் தரையில் மோதியது. அந்த நேரம் அது பூமிக்குத் தெரியாத மறுபக்கத்தில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. குறித்த நேரத்தில் சிக்னல் வராதபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

பாடப்புத்தகத்தைத் திருத்திய கலம்

அது அனுப்பிய இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களும் அளவீடுகளும் புதனைப் பற்றிய பழைய எண்ணங்களைப் புரட்டிப்போட்டன. ‘நிலவுபோல ஒரு செத்த பாறை’ என்பதுதான் அதுவரை பொதுவான எண்ணம்.

முதல் ஆச்சரியம், பனிக்கட்டி. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் கோளில் ஐஸா என்று கேட்கத் தோன்றும். புதன் கிட்டத்தட்டச் சாயாமல் நிமிர்ந்தபடி சுழல்கிறது. அதனால் துருவப் பகுதிகளில் உள்ள ஆழமான பள்ளங்களின் அடியில் வெயிலே விழுவதில்லை. 1991-ல் பூமியிலிருந்து ரேடார் அலை அனுப்பிப் பார்த்தபோதே, அந்த இடங்கள் விநோதமாகப் பளிச்சிட்டன. அவை உறைந்த நீர்தான் என்பதற்கு வலுவான ஆதாரத்தை 2012-ல் மெசஞ்சர் தந்தது. சில இடங்களில் அந்தப் பனியைக் கரிய படலம் ஒன்று மூடியிருக்கிறது. கார்பன் நிறைந்த சேர்மங்களாக இருக்கலாம் என்பது கணிப்பு.

இரண்டாவது, தரையின் வேதியியல். புதனின் உள்ளே இருக்கும் உலோகக் கரு அதன் ஆரத்தில் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. பூமியின் கரு ஏறக்குறைய பாதிதான். ஒரு காலத்தில் ஏதோ பெரிய மோதலில் புதனின் மேலோடு பிய்த்தெறியப்பட்டு, கரு மட்டும் மிஞ்சியது என்பது பழைய விளக்கங்களில் ஒன்று. அப்படி நடந்திருந்தால், அந்தச் சூட்டில் எளிதில் ஆவியாகும் கந்தகம், பொட்டாசியம் போன்றவை பறந்திருக்க வேண்டும். மெசஞ்சர் அவற்றைத் தாராளமாகவே கண்டது. மோதல் கதையை இப்போது மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, குழிகள். புதனின் பல பள்ளங்களில், ஓரம் கூர்மையான, ஆழமற்ற, பளீரென்ற குழிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. தரையில் உள்ள ஏதோ ஒரு பொருள் நேரடியாக ஆவியாகிப் போவதால் அவை உருவாகியிருக்கலாம். அவை தெளிவாகத் தெரியும் இடங்களில் ஒன்று, சுமார் 100 கி.மீ. அகலமுள்ள தியாகராஜா பள்ளம். ஆம், திருவையாற்றுத் தியாகராஜர்தான். புதனின் பள்ளங்களுக்கு இசைக்கலைஞர்கள், கவிஞர்கள், ஓவியர்களின் பெயரைச் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வழக்கம். காவிரிக்கரையில் பாடியவரின் பெயர் தாங்கிய பள்ளத்தில், தரை இன்னும் மாறிக்கொண்டிருக்கலாம் என்பதற்கான தடயம் கிடைத்திருக்கிறது.

இவை போக, புதன் உள்ளுக்குள் குளிர்ந்து, அதன் ஆரம் 7 கி.மீ. வரை சுருங்கியிருப்பதும், அதன் காந்தப்புலத்தின் மையம் கோளின் நடுவில் இல்லாமல் வடக்கே 480 கி.மீ. அளவுக்குத் தள்ளியிருப்பதும் தெரியவந்தன. ஏன் தள்ளியிருக்கிறது? இன்னும் உறுதியான பதில் இல்லை.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?

குடியேற முடியாது. சுரங்கம் தோண்ட முடியாது. செவ்வாயைப்போல ‘அங்கே உயிர் இருந்ததா’ என்ற கிளுகிளுப்பும் இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு செலவு? இந்தக் கேள்வி நியாயமானது. கேட்பவர்களை ‘அறிவியல் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்குவது சரியல்ல.

பதிலின் ஒரு பகுதி அவர்கள் கையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் புதனின் பாதை வானியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி, நியூட்டனின் விதி சொன்னதைவிட நூறாண்டுக்கு 43 விகலை கூடுதலாக நகர்ந்தது. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. அத்தனை நுணுக்கமான வித்தியாசம். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் ஒளிந்திருப்பதாக நினைத்தார். அதற்கு ‘வல்கன்’ என்று பெயரும் வைத்தாயிற்று. தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் கொள்கையைப் போட்டுப் பார்த்தபோது, அந்த 43 அப்படியே வந்து நின்றது. அந்தக் கொள்கைக்குக் கிடைத்த முதல் வெற்றி புதன் கொடுத்தது.

இன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், சார்பியல் விளைவுகளால் பூமிக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் இருப்பிடக் கணக்கு 10 கி.மீ. அளவுக்குப் பிசகும். பிரியாணி ஆர்டர் பக்கத்து ஊருக்குப் போய் நிற்கும். லெவெரியே காலத்தில் ‘43 விகலையால் யாருக்கு லாபம்?’ என்று கேட்டிருந்தால், யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு பதில், பூமிக்கு வெளியே தேடும் உலகங்களைப் பற்றியது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான கோள்கள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் ஏராளமானவை தங்கள் சூரியனை ஒட்டிச் சுற்றுபவை. அவ்வளவு நெருக்கத்தில் பாறைக்கோள் ஒன்று எப்படி உருவாகிறது, சூரியக் காற்றின் அடியை எப்படித் தாங்குகிறது என்பதை நேரில் போய்ப் பார்க்கக் கிடைத்திருக்கும் ஒரே இடம் புதன்தான். மற்றவையெல்லாம் தொலைநோக்கியில் தெரியும் புள்ளிகள்.

ஒரே வண்டியில் மூவர்

கொழும்போவின் பெயரையே தாங்கி 2018 அக்டோபர் 20-ல் கிளம்பியது பெபிகொழும்போ. ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஜப்பானின் ஜாக்ஸாவும் சேர்ந்து அனுப்பியது. உண்மையில் இது ஒரே வண்டியில் மூவர். தரையையும் கோளின் உட்புறத்தையும் ஆராயும் ஐரோப்பியக் கலம். காந்தப்புலத்தையும் சூரியக் காற்றையும் அளக்கும் ‘மியோ’ என்ற ஜப்பான் கலம். இரண்டையும் சுமந்துபோகும் இழுவைக் கலம். இரு கலங்களும் ஒரே சமயத்தில் வெவ்வேறு உயரங்களில் சுற்றும். ஒன்று சூரியக் காற்றின் அடியை வெளியில் அளக்கும்போது, அதன் விளைவை மற்றொன்று உள்ளே பார்க்கும். ஒற்றைக் கலமான மெசஞ்சரால் இதைச் செய்ய முடியவில்லை.

இதுவும் சுமுகமாகப் போகவில்லை. 2024 ஏப்ரலில், கலத்தை உந்தும் மின் உந்திகளுக்குப் போதுமான மின்சாரம் கிடைக்காமல் போனது. முழுச் சக்தி திரும்பவே இல்லை. குறைந்த உந்துதலுக்கு ஏற்றபடி பாதையை மாற்றிப் போட்டார்கள். 2024 செப்டம்பர் 4-ல் முன்பு நினைத்ததைவிட நெருக்கமாக, 165 கி.மீ. உயரத்தில் புதனைக் கடந்து, அதன் ஈர்ப்பிலிருந்தே கூடுதல் உதவி வாங்கிக்கொண்டது. விலை, 11 மாதத் தாமதம். 2025 டிசம்பரில் சுற்றுப்பாதைக்குள் நுழைய வேண்டியது, 2026 நவம்பருக்குத் தள்ளிப்போனது. முழு ஆய்வு 2027-ல் தொடங்கும்.

வழியில் அது அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படங்கள் சமூக வலைதளங்களில் சுற்றின. அவையெல்லாம் கலத்தின் பாகங்கள் சரியாக விரிந்தனவா என்று பார்க்க வைத்த ஒரு மெகாபிக்சல் கேமராக்கள் எடுத்தவை. முதன்மைக் கேமராவை இழுவைக் கலம் மறைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையான படம் இனிமேல்தான் ஆரம்பம்.

இறங்க மறந்த கோள்

இங்கேதான் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெபிகொழும்போவின் பழைய திட்டத்தில், புதனில் தரையிறங்கும் ஒரு சிறு கலமும் இருந்தது. செலவைக் காரணம் காட்டி 2003-ல் அது வெட்டப்பட்டது.

வெள்ளியில் 1970-லேயே ஒரு கலம் தரையிறங்கிவிட்டது. செவ்வாயில் ரோவர்கள் ஓடுகின்றன. சனியின் நிலவான டைட்டனில் 2005-ல் இறங்கியாயிற்று. சிறுகோள்களிலும் வால்நட்சத்திரத்திலும்கூட இறங்கியாயிற்று. பாறைக்கோள்களில் எந்தக் கலமும் மெதுவாகக் கால் பதிக்காத ஒரே இடம் புதன். மெசஞ்சர் மோதி விழுந்ததுதான் இதுவரை நடந்த ஒரே ‘தரையிறக்கம்’. நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் பூமிக்கு வந்து விழுந்த விண்கற்கள் ஆய்வகங்களில் இருக்கின்றன. புதனிலிருந்து வந்தது என்று உறுதிசெய்யப்பட்ட கல் ஒன்றுகூடக் கிடையாது.

மேலேயிருந்து பார்த்தால் போதாதா? போதாது. அந்தத் தரையின் வயது என்ன, குழிகளில் ஆவியாகும் பொருள் எது, பனியை மூடியிருக்கும் கரிய படலம் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் சுற்றுப்பாதையிலிருந்து ஊகிக்கலாம். தொட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஸ்கேன் எடுத்தாலும் சில நோய்களுக்குப் பயாப்ஸி தேவைப்படுவதுபோல.

இறங்கவே முடியாத இடமும் அல்ல. பாராசூட் உதவாது, முழுக்க ராக்கெட் பிரேக்தான் என்பது உண்மை. ஆனால், அந்தி நேரத்தில் இறங்கினால், அடுத்து வருவது 88 நாள் நீளும் இரவு. கொதிக்கும் பகல் வருவதற்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம். அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த அடிப்படையில் ஒரு திட்டத்தை வரைந்தே வைத்திருக்கிறார்கள். ஆனால், அடுத்த பத்தாண்டுக்கான முன்னுரிமைகளை வகுத்து 2022-ல் வெளியான அமெரிக்க அறிக்கை, பெரிய திட்டங்களில் யுரேனஸுக்கும் சனியின் நிலவான என்செலடஸுக்கும்தான் முதலிடம் கொடுத்தது. புதன் வரிசையில் இல்லை.

யுரேனஸைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று சொல்ல முடியாது. அங்கே 1986-ல் ஒரே ஒரு கலம் கடந்துபோனதோடு சரி. என்செலடஸில் பனி ஓட்டுக்கு அடியில் கடலே இருக்கிறது. பணம் அளவானது, எல்லாக் கோளுக்கும் ஒரே நேரத்தில் கலம் அனுப்ப முடியாது. ஆனால், புதனின் விஷயத்தில் பணத்தைவிடப் பெரிய செலவு, காலம்.

ஐரோப்பா பெபிகொழும்போவைத் தேர்ந்தெடுத்தது 2000-ல். அப்போது 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு, முழு ஆய்வு தொடங்கும் 2027-ல் 49 வயதாகியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுவது சகஜமாகிவிட்ட காலத்தில், ஒரே புராஜெக்டில் பாதி ஆயுள்! அடுத்த கலத்தை இன்றே முடிவு செய்தால்கூட, அது புதனைத் தொடும்போது இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் நடுவயதைத் தாண்டியிருப்பார்கள். முடிவையே தள்ளிப்போட்டால்?

அதற்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. மரைனர்-10 மௌனமானதற்கும் மெசஞ்சர் சுற்றத் தொடங்கியதற்கும் இடையே 36 ஆண்டுகள். முதல் கலத்தை அனுப்பியவர்களில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். பாய்மரமாகத் தகட்டைத் திருப்பத் தோன்றும் அனுபவம் கையேட்டில் முழுதாக ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகியவரிடமிருந்துதான் வரும். ஒரு தலைமுறை விட்டுப்போனால் அடுத்தவர்கள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே, கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதனுக்குப் போங்கள்’ என்பதல்ல. பெபிகொழும்போவின் தரவு வரும் ஆண்டுகளிலேயே, தரையிறங்கும் கலத்துக்கான கோப்பையும் திறந்து வைக்க வேண்டும். எங்கே இறங்குவது என்பதை அந்தத் தரவை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 2003-ல் ஐரோப்பா கைவிட்டதை, ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து சுமந்தால் மூவருக்கும் பாரம் குறையும். கலத்தைச் சேர்ந்து அனுப்ப முடிந்தவர்களுக்குச் செலவைச் சேர்ந்து பங்கிடவும் முடியும்.

ஆர்வமுள்ளவர்கள் அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. மெசஞ்சரின் படங்களும் அளவீடுகளும் நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தான் அறிவும் இருந்தால், தியாகராஜா பள்ளத்தின் குழிகளை வீட்டிலிருந்தே எண்ணலாம். மொட்டை மாடி இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்குச் சில முறை, சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில், மேற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு வெளிச்சம் அரை மணி நேரம்போல நிற்கும். புதன் கிடைக்கும் நாட்கள் அவை. மேகம் மட்டும் வழிவிட வேண்டும்.